ஆறாத புண்ணும் ஆளாத மொழியும்

முகவை மண்ணில் உழைப்பவன் காலிற் புண் இராமற்போவது அரிது. நயினார்கோவில் ஒன்றியத்துப் புன்செய்க் காடுகளிற் சீமைக்கருவேலம் வெட்டுகின்றவனுக்கு முள் தைக்கின்றது. கரிமூட்டம் போடுகின்றவனைக் கனல் சுடுகின்றது. கடலோர உப்பளத்திற் பாத்தி மிதிக்கின்றவனின் உள்ளங்காலை உவர்நீர் அரிக்கின்றது. பாம்பனிலும் மண்டபத்திலும் வலை இழுக்கின்றவனைத் திருக்கை முள் தாக்குகின்றது. முன்னாளில் இப்புண்களிற் பெரும்பாலானவை சில கிழமைகளில் ஆறி வடுவாயின. இந்நாளிலோ திங்கட் கணக்கில் ஆறாமல் நிற்கும் புண்கள் பெருகிவிட்டன. கரணியம் நீரிழிவு. சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையாரும் இந்திய மருத்துவ ஆய்வு மன்றத்தாரும் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, இந்திய நாட்டில் நீரிழிவுற்றோர் 10 கோடிப் பேருக்கு மேலாவர். நீரிழிவு முற்றினால் காலின் நரம்புகள் உணர்விழக்கின்றன. குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. முள் தைத்தது தெரிவதில்லை; தெரியும்போது புண் எலும்பைத் தொட்டிருக்கும். முதலில் விரல் போகின்றது, பின்னர்ப் பாதம், பின்னர் முழங்காலுக்குக் கீழுள்ள கால். கால் போன கூலித் தொழிலாளியின் குடும்பத்தில் அடுப்பெரிவது எங்ஙனம் என்பதை யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய ஆறாப் புண்களுக்கு மருத்துவ உலகம் கண்டுள்ள புதிய துணை ஒன்றனைப் பற்றியும், அத்துணை நம் மக்களின் கைக்கு வரும்போது எந்த மொழியில் வரப்போகின்றது என்பதைப் பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டும் வேறு வேறு செய்திகள் என்று கருதுவார் உளர். அவை ஒன்றே என்பதை முடிவிற் காண்பீர்கள்.

உடல் என்பது உயிரணுக்களின் திரள் என்று பள்ளியிற் படித்தோம். அது பாதி உண்மையே. உயிரணுக்கள் காற்றில் மிதப்பனவல்ல. அவை தாமே நூற்றுத் தம்மைச் சுற்றிப் பின்னிக்கொண்ட நுண்ணார்ப் பின்னல் ஒன்றனுள் குடியிருக்கின்றன. பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் தறி கண்டவர்க்கு இதனை விளக்குதல் எளிது. தறியில் முதலிற் பாவு விரிகின்றது. பாவு இருந்தால்தான் ஊடை ஓடும். ஊடை ஓடினால்தான் துணியாகும். தோலுக்கும் குடலுக்கும் நெஞ்சாங்குலைக்கும் அவ்வவற்றுக்குரிய பாவு உண்டு. ஆழமான புண்ணில் அழிவது உயிரணு மட்டுமன்று, பாவும் அறுந்துபோகின்றது. பாவறுந்த இடத்தில் ஊடையை எத்தனை முறை ஓட்டினும் துணி நெய்ய முடியாது. ஆறாப் புண்ணின் பெருந்துயரங்களில் இஃதொன்று.

எனின், வேறோர் உயிரின் பாவை எடுத்துப் புண்ணில் விரித்தால் என்ன? அப்படியே எடுத்து வைத்தால் நம் உடல் அதனைப் பகையென்று கண்டு எரித்துத் தள்ளிவிடும். ஏனெனில் அயலுயிரின் அடையாளங்களிற் பெரும்பகுதி அதன் உயிரணுக்களிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. பின்னலோ பாலூட்டிகள் அனைத்திலும் ஏறத்தாழ ஒரே தன்மையது. ஆகலின், விலங்கின் உறுப்பொன்றை எடுத்து, கொழுப்பையும் ஊனையும் வழித்து நீக்கி, உப்புநீராலும் வழலை போன்ற கரைப்பான்களாலும் சிலபோது நொதிகளாலும் பன்முறை கழுவினால், உயிரணுக்கள் வெடித்துக் கரைந்து வெளியேறும். எஞ்சுவது வெண்ணிறப் பின்னல் மட்டுமே. எச்சமாக நிற்கும் மரபிழை உலர்ந்த எடையில் இருபதாயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது 2011இல் அறிஞர்கள் வகுத்ததும் இன்று பரவலாக ஏற்கப்படுவதுமான அளவுகோல். அங்ஙனம் தூய்மை செய்த பின்னலை நுண்ணுயிர் நீக்கி, உலர்த்தி, உறையிலிட்டு மருத்துவமனைக்கு அனுப்புகின்றார்கள். தூய்மை செய்த புண்ணின் மீது அதனை விரித்தால், நோயரின் சொந்த உயிரணுக்கள் அதனுள் ஊர்ந்து குடியேறுகின்றன. புதுக் குருதிக் குழாய்கள் முளைக்கின்றன. நாளடைவில் அயற்பாவு கரைந்து, அவ்விடத்தில் நோயரின் சொந்தப் பாவே உருவாகின்றது. இரவல் பாவில் தொடங்கி உரிமைத் துணியில் முடியும் நெசவு இது.

இதுவரை எழுதியதை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். இக்கருத்தை விளக்குவதற்குத் தமிழ் எவ்விடத்திலேனும் தடுக்கி விழுந்ததா? நொண்டியதா? இல்லை. ‘அறிவியலைத் தமிழிற் சொல்ல இயலாது’ என்பார், சொல்லிப் பார்த்துத் தோற்றவரல்லர், சொல்லிப் பாராதவர்.

ஈண்டு ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சற்று நின்று பேசுதல் வேண்டும். தமிழகப் பாடநூல்களில் ‘திசு’ என்றொரு சொல் வழங்குகின்றது. பல மாணவர் அதனைத் தமிழென்றே எண்ணியிருக்கின்றனர். அஃது ஆங்கிலச் சொல்லின் ஒலியை அரைகுறையாக எழுதியதேயன்றி வேறன்று. அவ்வாங்கிலச் சொல்லும் ஆங்கிலத்துக்கு உரியதன்று. நெய்யப்பட்டது என்னும் பொருளில் பழம் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலர் கடன் கொண்டது. ஈழத்துப் பாடநூலார் இச்சொல்லின் உட்பொருளை உணர்ந்து, இழை என்னும் வேரிலிருந்து ‘இழையம்’ என ஆக்கி, பல தலைமுறை மாணவர்க்குக் கற்பித்துவிட்டனர். நம் மாணவன் ‘திசு’ என்று உருப்போடுகின்றான். அச்சொல் அவனுக்கு எதனையும் காட்டுவதில்லை. யாழ்ப்பாணத்து மாணவன் ‘இழையம்’ என்கின்றான். அச்சொல்லே பாதிப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிடுகின்றது. தூய தமிழ் வேண்டும் என்று நாம் கூறுவது வெறும் மானத்திற்காக மட்டுமன்று, விளங்குவதற்காகவும்தான்.

அவ்வழி நின்று, உயிரணுக்களுக்குப் புறத்தேயுள்ள பின்னலை ‘இழைப்பாவு’ என்போம். உயிரணுவை ஈழத்தார் ‘கலம்’ என்பர். கலங்களை நீக்கும் செயலைக் ‘கலங்களைதல்’ என்போம். களை எடுத்தலை அறியாத உழவர் நம்மிடை இல்லை. ஆக, இம்மருத்துவப் பொருள் ‘கலங்களைந்த இழைப்பாவு’ ஆகின்றது. இவற்றினும் நல்ல சொல்லை உடையார் தருக, மகிழ்ந்து ஏற்போம். ஆனால் சொல்லே வேண்டா என்பாரை ஏற்கமாட்டோம்.

இனி, இவ்வறிவின் வரலாற்றைப் பார்ப்போம். 1987ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பர்தியூ பல்கலைக்கழகத்தில் இசுடீபன் பாடிலாக் என்பார், நாயொன்றின் பெருங்குருதிக் குழாயை வெட்டி நீக்கி, அவ்விடத்தில் அதன் சிறுகுடலின் உட்படலத்தைக் குழாயாக்கி வைத்தார். நாய் பிழைத்தது. பின்னர் ஆராய்ந்தபோது, வைத்த இடத்திற் குடலைக் காணோம். குருதிக் குழாய் போன்றதோர் அமைப்பே உருவாகியிருந்தது. இத்துறையின் பெருவளர்ச்சி அங்கிருந்து தொடங்கிற்று. ஆயினும் அதற்கும் முப்பதாண்டுகட்கு முன்னரே, இப்பின்னலின் தலையாய நார் எவ்வாறு முறுக்கப்பட்டுள்ளது என்பதை உலகுக்குச் சொன்ன இடம் எது? சென்னை! ஆம், நம் சென்னைப் பல்கலைக்கழகம்.

அந்நாருக்குக் ‘கொலாசன்’ என்று பெயர். பசையைத் தோற்றுவிப்பது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். எலும்பையும் தோலையும் காய்ச்சி வச்சிரம் எடுப்பதை அறிந்த நாம் அதனைப் ‘பசைநார்’ என்னலாம். நம் உடற்புரதத்தில் நான்கிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை இதுவே. 1952இல் தம் முப்பதாம் அகவையிற் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்த கோ. நா. இராமச்சந்திரனார், தம்முடன் பணியாற்றிய கோபிநாத கர்த்தாவுடன் சேர்ந்து, அடையாற்று நடுவண் தோல் ஆய்வு நிறுவனத்தின் துணைகொண்டு, கங்காரு வாலின் நாண் முதலியவற்றை ஊடுகதிரால் ஆராய்ந்தார். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுகிய கயிறே பசைநார் என்பதை 1954இலும், அதனைத் திருத்தி மேலும் துலக்கமாக 1955இலும் ‘நேச்சர்’ என்னும் ஆங்கிலக் கிழமையிதழில் அவ்விருவரும் வெளியிட்டனர். முப்புரிக் கயிறு திரிக்கத் தெரிந்த நாட்டில் முப்புரி நாரின் கட்டமைப்புக் கண்டறியப்பட்டது எத்துணைப் பொருத்தம்! இன்று அத்தோல் ஆய்வு நிறுவனத்தின் அரங்கொன்று அம்முப்புரியின் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஆங்கிலப் பெயரை!

அடித்தளம் சென்னையில் இடப்பட்டது; கட்டடம் எங்கே எழுந்தது? திருவனந்தபுரத்தில். அங்குள்ள சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில், ஆய்வு நோயியல் பிரிவைச் சார்ந்த பேராசிரியர் த. வ. அனில்குமாரும் அவர்தம் குழுவினரும், பன்றியின் பித்தப்பையிலிருந்து இழைப்பாவைப் பிரித்தெடுத்துப் புண்களுக்கு இடும் மென்படலமாக ஆக்கினர். இறைச்சிக் கூடத்தில் எறியப்படும் கழிவுப்பொருள் மருந்தாயிற்று. எலி, முயல், நாய் ஆகியவற்றின் தோற்புண்கள் இதனால் விரைந்தும் குறைந்த வடுவுடனும் ஆறியமை ஆய்விற் கண்டறியப்பட்டது. ‘கோலிதெர்ம்’ என்னும் பெயரில் ஒரு தொழில் நிறுவனத்தின் வழியாக வெளிவரும் இப்படலத்திற்கு, 2023ஆம் ஆண்டில் இந்திய நடுவண் மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் வழங்கிற்று. 10,000 உருபா வரை ஆகும் பண்டுவச் செலவு இதனால் 2,000 உருபாவாகக் குறையும் என்று அப்போது நடுவணரசின் அறிவிப்பிற் கூறப்பட்டது. அயல்நாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த பொருளை நம் அண்டை மண்ணில் ஆக்கிக் காட்டிய அவ்வறிஞர்களைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை. நல்லதை எவர் செய்யினும் நல்லதே.

ஆனால் இங்கேதான் மொழிச்சிக்கல் நேரே வந்து நிற்கின்றது. இப்படலம் பன்றியினது. இவ்வகையில் வேறு சில மாட்டினுடையவை, சில மாந்தரின் நச்சுக்கொடிப் படலத்தினுடையவை, சில மீனினுடையவை. முகவை மாவட்டமோ பல சமயத்தாரும் கலந்து வாழும் மண். சீதக்காதி வள்ளல் தமிழ்ப்புலவரைப் புரந்த கீழக்கரை இங்குள்ளது, ஏர்வாடி இங்குள்ளது, தேவிபட்டினம் இங்குள்ளது. நயினார்கோவிலிலோ, வாய் பேசாத இசுலாமியச் சிறுமி ஒருத்தி நாகநாதர் கோயிலில் ‘நயினாரே’ என வாய் திறந்து அழைத்தாள் என்றும், அதனால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்றும் மக்கள் சொல்லி வருகின்றனர். அது நடந்ததா நடக்கவில்லையா என்பதன்று ஈண்டு வினா. ஒரு சமயத்தவர் கோயிலில் மற்றொரு சமயத்தவர் மகள் வாய் திறந்தாள் என்பதை இரு சாராரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் இது என்பதே செய்தி. இத்தகைய மண்ணில், பன்றிப் படலத்தை இசுலாமியர் ஒருவரின் காலிலும், மாட்டுப் படலத்தை அதனை ஏலாத மற்றொருவரின் காலிலும், இன்னதென்று விளங்கச் சொல்லாமல் ஒட்டிவிட்டால் அது மருத்துவமாகுமா? அறமாகுமா?

‘உயிரைக் காக்கும் மருந்தில் சமயம் பார்க்கலாமா?’ என்று வினவுவார் உண்டு. பார்ப்பதும் பாராததும் நோயரின் உரிமை. இன்றியமையாத நிலையில் ஏற்கலாம் என்று கருதும் அடியார் உண்டு. வேறு வழியிருக்க இது வேண்டா என்பாரும் உண்டு. முடிவெடுப்பவர் அவரேயன்றி நாமல்லோம்; மருத்துவரும் அல்லர். முடிவெடுக்க வேண்டுமாயின் அவர்க்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிய வேண்டுமாயின் அவர் மொழியிற் சொல்ல வேண்டும். நோயருக்குப் போதிய விளக்கம் தந்து பெறும் இசைவே உண்மையான இசைவு என்று இந்திய உச்ச முறைமன்றமும் 2008ஆம் ஆண்டிலேயே தீர்ப்புரைத்திருக்கின்றது. அவ்விளக்கம் ஆங்கிலப் படிவத்தில் இருக்குமானால், கைந்நாட்டு வைக்கும் முதியவர்க்கு அஃது எவ்வாறு விளக்கமாகும்? விளங்காத தாளில் வாங்கிய கையொப்பம் இசைவன்று, அடிமைச்சீட்டு. ‘இயற்கைப் படலம்’ என்று மழுப்பிச் சொல்வதும் விளக்கமன்று. பாதியை மறைக்கும் பசப்பு.

நோயரிடம் உண்மையை மறைத்துப் புகழ் தேடிய மருத்துவம் எங்குச் சென்று முடிந்தது என்பதற்கு ஐரோப்பாவிலேயே சான்றுண்டு. 2008இல் பார்சிலோனாவில், இறந்தவர் ஒருவரின் மூச்சுக்குழாயைக் கலங்களைந்து பெண்ணொருத்திக்குப் பொருத்திய அறுவைக் குழுவில் முன்நின்று உலகப் புகழ் பெற்றார் பாவுலோ மக்கியாரினி என்னும் மருத்துவர். பின்னர்ச் சுவீடன் நாட்டில் 2011, 2012 ஆண்டுகளில், நெகிழியாற் செய்த மூச்சுக்குழாய்களை மூவர்க்குப் பொருத்தினார். மூவரும் இறந்தனர். 2023இல் அந்நாட்டு மேல்முறையீட்டு மன்றம் அவர்க்கு இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டம் விதித்தது. கல்வி மிக்க நாட்டிலேயே இது நடக்குமாயின், மருத்துவர் பேசும் மொழி நோயர்க்குப் புரியாத நாட்டில் எது நடவாது?

இனி, ஐசுலாந்தைப் பாருங்கள். வடகடலில் உள்ள குளிர்நிலம் அது. அந்நாட்டு மக்கட்டொகை நான்கு இலக்கத்துக்கும் குறைவு. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி நம் முகவை மாவட்டத்தின் மக்கட்டொகை மட்டும் 13 இலக்கத்து 53 ஆயிரம். அஃதாவது, ஐசுலாந்தைப் போல் மூன்று நாடுகள் நம் ஒரு மாவட்டத்துள் அடங்கும். அந்நாட்டின் வடமேற்குக் கரையிலுள்ள ஒரு சிறு மீன்பிடி ஊரில், மீன் பதப்படுத்தும் கூடங்களிற் கழிவாகும் காட் மீனின் தோலை எடுத்து, கலங்களைந்து, புண்ணுக்கிடும் பாவாக ஆக்கினர். 2013இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை அதற்கு ஒப்புதல் தந்தது. 2023இல் தென்மார்க்கு நாட்டு நிறுவனம் ஒன்று அம்மீன்தோல் நிறுவனத்தை 130 கோடித் தாலர் வரை விலை பேசி வாங்கிற்று. குப்பையிற் போன தோலுக்கு இத்துணை மதிப்பு! மீனாதலின், பன்றி மாடு என்னும் தடையை உடைய சமயத்தாரும் அதனை ஏற்பது எளிதாயிற்று.

அந்த ஐசுலாந்தியர் மொழியில் எத்தகையர்? உலகிலேயே மிகக் கடுமையான தூயமொழிக் கொள்கையர்! கணிப்பொறி வந்தபோது அவர்கள் ‘கம்ப்யூட்டர்’ என்று எழுதிக்கொண்டு கைகட்டி நிற்கவில்லை. எண்ணைக் குறிக்கும் சொல்லையும் குறிசொல்லும் பெண்ணைக் குறிக்கும் பழஞ்சொல்லையும் பிணைத்துத் ‘தெல்வா’ என்று பெயரிட்டனர். தொலைபேசிக்கு, நூலிழை என்னும் பொருள்பட்டு வழக்கொழிந்து கிடந்த பழஞ்சொல்லைத் தட்டியெழுப்பிச் ‘சீமி’ என்றனர். தூய மொழியைப் பேணியதால் அவர்கள் அறிவியலிற் பின்தங்கினரா? உலக வணிகத்தில் ஒதுக்கப்பட்டனரா? நான்கு இலக்கம் பேரால் இயன்றது ஏழெட்டுக் கோடித் தமிழர்க்கு இயலாது என்பான், தமிழனைப் பற்றிச் சொல்கின்றானா, தன்னைப் பற்றிச் சொல்கின்றானா?

மீனுக்கு நமக்கென்ன குறை? மன்னார் வளைகுடாவும் பாக்கு நீரிணைவும் இருபுறம் அலைமோதும் கரை நம்முடையது. 1947ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்திய நடுவண் கடல்மீன் வள ஆய்வு நிறுவனத்தின் தலைமையகம் முன்னாளில் இருந்தது நம் மண்டபத்தில்தான். 1971இல் அதன் தலைமையகம் கொச்சிக்குப் பெயர்ந்தது. மண்டபம் கிளையாக நிற்கின்றது. 2022ஆம் ஆண்டு சனவரியில் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டுவிட்டது. ஒருபுறம் மீனாய்வார்; மறுபுறம் மருத்துவர்; இடையே நாற்பது கல் தொலைவு கூட இல்லை. அடையாற்றிலோ தோலையும் பசைநாரையும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராயும் நிறுவனம். இம்மூன்றும் ஒரு பாவில் ஓடும் ஊடையாக இணைந்தால், நம் மீனவன் எறியும் தோல் நம் உழவன் காலை ஆற்றும் நாள் தொலைவிலில்லை. பிரேசில் நாட்டின் சியரா மாநிலத்தில், நம் கண்மாய்களிலும் துள்ளும் சிலேபி மீனின் தோலைத் தூய்மை செய்து தீப்புண்களுக்கு இட்டு ஆராய்ந்து நற்பயன் கண்டிருக்கின்றனர். கரிமூட்டத் தொழிலாளர் வாழும் நம் மாவட்டத்திற்கு இஃது ஏற்றதோர் ஆய்வுப்பொருளன்றோ?

ஒன்றை அழுத்திச் சொல்லுதல் வேண்டும். இதனைப் படித்துவிட்டு எவரும் மீன்தோலை உரித்துப் புண்ணில் ஒட்டிக்கொள்ளற்க. தூய்மை செய்யாத தோல் நஞ்சு. ஆய்வகத்திற் கலங்களைந்து நுண்ணுயிர் நீக்கிய தோலுக்கும் அடுப்பங்கரைத் தோலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. மேலும், எத்தகைய இழைப்பாவும் மாயமருந்தன்று. குருதிச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தல், அழுகிய பகுதியை நீக்கல், குருதியோட்டத்தைச் சீர்செய்தல், புண்பட்ட காலில் எடையேற்றாதிருத்தல் ஆகிய இவை நிகழாவிடின் எப்பாவும் மக்கிப்போகும். நாள்தோறும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வதும், காடு கரைகளிற் செருப்பின்றி நடவாமையும் எந்த விலையுயர்ந்த படலத்தினும் சிறந்த காப்பாகும்.

இனி, நம்மவர்க்கும் சில சொல்ல வேண்டியிருக்கின்றது. ‘இவையெல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டவை’ என்று மேடையில் முழங்குவார் சிலர் உளர். கலங்களைதல் நம் முன்னோர் கண்டதன்று. இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்வது இருக்கின்ற பெருமையையும் ஐயத்துக்குள்ளாக்கும். இராமச்சந்திரனாரின் முப்புரி நமக்குப் போதிய பெருமை. இன்னொரு சாரார் கலைச்சொற் பட்டியல் அச்சிடுவதோடு கடமை முடிந்தது என்று அமைகின்றனர். பட்டியலிற் கிடக்கும் சொல் பெட்டியிற் கிடக்கும் விதை. மருத்துவமனைப் படிவத்திலும் செவிலியர் நாவிலும் மருந்துறையின் மேலும் முளைத்தால்தான் அது பயிர். தமிழகத்தார் ஒரு சொல்லும் ஈழத்தார் வேறொரு சொல்லுமாகப் பிரிந்து நிற்பதும் இனி வேண்டா. அவர்கள் ஆக்கிய நற்சொற்களை ஏற்பது நமக்கு இழுக்கன்று.

ஈழத்தில் இம்முயற்சி நேற்றுத் தொடங்கியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிரீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அறுவை மருத்துவ நூலொன்றை ‘இரணவைத்தியம்’ என்னும் பெயரில் 1867இல் தமிழாக்கி வெளியிட்டார். பெயர் வடமொழி, புண்மருத்துவம் என்றிருந்திருக்கலாம். எனினும், புண்ணைப் பற்றிய அறிவு புண்பட்டவனின் மொழியில் இருக்க வேண்டும் என்னும் உண்மையை, கடல் கடந்து வந்த ஓர் அயலார் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் உணர்ந்தார். பாண்டித்துரையார் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்டதும் இம்முகவை மண்ணின் கொடையாலன்றோ? 2022இல் மத்தியப் பிரதேச அரசு இந்தியில் மருத்துவப் பாடநூல்களை வெளியிட்டபோது நடுவணரசின் உள்துறை அமைச்சரே நேரிற் சென்று விழாக் கொண்டாடினார். அம்மொழிக்குக் கிடைக்கும் பரிவு தமிழுக்குக் கிடைக்காது. தமிழுக்குத் தமிழரே செய்துகொள்ள வேண்டும்.

‘ஆங்கிலத்தை ஒழித்துவிட்டால் மருத்துவர் உலகோடு எங்ஙனம் தொடர்புகொள்வர்?’ என்பார்க்கு விடை இது: மருத்துவர் ஆங்கிலம் கற்கட்டும், செருமன் கற்கட்டும், சப்பானியமும் கற்கட்டும். நாம் மறுக்கவில்லை. அவர் உலகிடம் பேசும் மொழி எதுவாயினும் ஆகுக. நோயரிடம் பேசும் மொழி தமிழாதல் வேண்டும். இதுவே நாம் கேட்பது.

ஆகவே நம் வேண்டுகைகள் இவை. விலங்கிலிருந்தோ மாந்தரிடமிருந்தோ பெற்ற எந்த மருத்துவப் படலமாயினும், அது பன்றியினதா, மாட்டினதா, மீனினதா, மாந்தரதா என்பது உறையின் மேலேயே தமிழிற் பெரிய எழுத்தில் அச்சிடப்பெறுதல் வேண்டும். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இசைவுப் படிவம் எளிய தமிழில் இருத்தல் வேண்டும்; எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு அதனைப் படித்துக் காட்டி, ‘புரிந்ததா? வேறு வழியுண்டா என்று கேட்கின்றீரா?’ என வினவிய பின்னரே கையொப்பமோ கைந்நாட்டோ பெறுதல் வேண்டும். இழையம், இழைப்பாவு போன்ற சொற்களைத் தமிழக, ஈழ அறிஞர் ஒருங்கமர்ந்து வரையறுத்துப் பாடநூல்களில் ஏற்றுதல் வேண்டும். மண்டபமும் இராமநாதபுரமும் அடையாறும் இணைந்த மீன்தோல் ஆய்வுத் திட்டமொன்றைத் தமிழக அரசு தொடங்குதல் வேண்டும். அதன் ஊதியத்தில் மீனவர் கூட்டுறவுகளுக்குப் பங்கு இருத்தல் வேண்டும். நம் தோழர்கள் அரசை எதிர்நோக்கியிராமல், தத்தம் ஊர் மருத்துவமனைப் படிவத்தை வாங்கிப் பார்த்து, தமிழில் இல்லையெனின் தமிழாக்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முழக்கத்தினும் அஃது ஆயிரம் மடங்கு மேலான தொண்டு.

புண் ஆறுவதற்குப் பாவு வேண்டும். நோயர் தம் உடலைப் பற்றித் தாமே முடிவெடுப்பதற்கு மொழி வேண்டும். முன்னதைத் திருவனந்தபுரத்தாரும் ஐசுலாந்தாரும் நெய்து தரக்கூடும். பின்னதை எவரும் நமக்கு நெய்து தரார். அத்தறி நம் வீட்டில் இருக்கின்றது. பாவும் விரிந்தே கிடக்கின்றது. தமிழர்களே, அமர்ந்து நெய்வீர்!